பொன்னானியில் விழுந்த வட்டம்

பொன்னானி
6 பிப்ரவரி 1994

அன்புள்ள திவாகரேட்டனுக்கு,

வக்கீல் மூலம் நீங்கள் அனுப்பிய விவாகரத்து மனு கிடைத்தது. கையெழுத்துப் போடாமல் அரிசி டப்பாவின் மேல் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். இப்போது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கடற்கரை மைதானத்தில் என் சிற்பத்தை வைக்க நகரசபை ஒப்புக்கொண்டுவிட்டது!

சூரியனும் ஓடுகிறது, அதைச் சுற்றிக்கொண்டே பூமியும் கூட ஓடுகிறது, அந்தப் பாதை சுருள் மாதிரி இருக்கும் என்று கல்யாணமான புதிதில் புட்டுக்குழலைக் கையில் பிடித்துக்கொண்டு விளக்கினீர்களே, அந்தச் சுருள்தான். இரும்புக் குழாயில், இரண்டு ஆள் உயரம். மற்ற நாளெல்லாம் அதன் நிழல் தாறுமாறாகக் கிடக்கும். சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாளில் மட்டும் சுருள் முழுதும் தரையில் ஒரே வட்டமாக விழும். அந்த நாளும் நேரமும் எனக்கு வேண்டும். அன்றுதான் திறப்பு விழா.

நான் செய்ததையெல்லாம் நீங்கள் 'பழைய இரும்பு' என்றதால்தானே வீட்டை விட்டு வந்தேன். இதை வந்து பாருங்கள். பார்த்த பிறகும் பழைய இரும்பு என்றால் அங்கேயே கையெழுத்துப் போடுகிறேன். வராவிட்டாலும் போட்டு அனுப்பிவிடுகிறேன். போன் வேண்டாம், பேசினால் சண்டையில்தான் முடிகிறது.

ஸ்ரீகலா


பாலக்காடு
15 பிப்ரவரி 1994

ஸ்ரீகலாவுக்கு,

விஷுப் பண்டிகை கழிந்ததும், ஏப்ரல் பதினெட்டு. பகல் பன்னிரண்டரைக்குச் சற்று முன்பு. கடிகாரத்தின் உச்சி வேறு, சூரியனின் உச்சி வேறு. பன்னிரண்டுக்கே ரிப்பன் வெட்டிவிட்டுக் கலைந்துவிடப் போகிறார்கள், சொல்லி வை. சுருள் கொஞ்சம் சாய்ந்தாலும் வட்டம் நசுங்கும். தூக்குக்குண்டு வைத்து நாலு பக்கமும் பார். கண்ணாடி போடாமல் வெல்டிங் செய்யாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

நான் வருவதாக இல்லை. மந்திரிகளின் பேச்சு எனக்கு ஒத்துக்கொள்ளாது. மனுவை மறந்துவிடாதே.

திவாகரன்


பொன்னானி
19 ஏப்ரல் 1994

அன்புள்ள திவாகரேட்டனுக்கு,

நேற்று வட்டம் விழுந்தது!

முதலில் எல்லாம் கெட்டுப்போகப் பார்த்தது. மந்திரிக்கு வெயில் படக்கூடாதென்று நகரசபைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சிற்பத்தையும் சேர்த்து மூடிப் பந்தல் போட்டிருந்தார்கள். நிழலுக்காகச் செய்த சிற்பத்துக்கே நிழல். சேர்மனிடம் கெஞ்சினேன். மந்திரி போனதும் பிரிக்கலாம் என்றார். மந்திரியோ பன்னிரண்டு மணிக்குத்தான் மைக்கைப் பிடித்தார். நீர்ப்பாசனத்தை விட்டு நகரவே இல்லை. கோயாக்கா என்ற பெரியவரிடம் ஓடினேன். கயிறு கட்டிக் கப்பலைக் கரையேற்றும் கலாசிகளுக்கு அவர்தான் மூப்பன். என் சுருளைத் தூக்கி நிறுத்தியதும் அவருடைய ஆட்கள்தான்.

"டீச்சரே, பந்தல மட்டும் கழட்டினாப் போதுமா, மந்திரியையும் சேத்தா?" என்றார்.

ஐலசா போட்டுக்கொண்டு மூலைக்கு மூலை ஏறிவிட்டார்கள். பின்பக்கத்து முடிச்சை மட்டும் கூட்டத்தில் யாரோ முன்பே அவிழ்த்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் நேரம் தப்பியிருக்கும். துணி சரிந்து மந்திரியின் தலைமேலேயே விழுந்தது. தரையில் சிதறிக் கிடந்த கோடுகள் நெருங்கி நெருங்கி வந்து ஒரே வட்டமாயின. துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்த மந்திரி திட்ட வாயெடுத்தார், கீழே பார்த்தார். "நானும் உள்ள வந்து நிக்கலாமா?" என்றார். மீன்காரப் பெண்கள், மதரசாப் பிள்ளைகள், போலீஸ்காரர் எல்லோரும் வட்டத்துக்குள் நின்று தங்கள் நிழலைத் தேடினார்கள்.

நான் உங்களைத் தேடினேன். சொன்ன சொல்லை மாற்றவில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வருத்தமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

ஸ்ரீகலா


பாலக்காடு
22 ஏப்ரல் 1994

அன்புள்ள ஸ்ரீகலாவுக்கு,

பின்பக்கத்து முடிச்சை அவிழ்த்தது நான்தான். கயிறு உருவி உள்ளங்கைத் தோல் போய்விட்டது. இதை இடது கையால் எழுதுகிறேன், அதனால்தான் இந்தக் கோணல்.

வட்டம் விழுந்ததும் என்னை அறியாமல் கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற மீன்காரம்மா, "சாரே, என் காது போச்சு" என்று பொத்திக்கொண்டாள். இருபது வருஷமாக வகுப்பில் சூரியன் உச்சிக்கு வருவதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன், அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். உன்னை ஊரே சூழ்ந்திருந்தது. எதிரில் வந்து என்ன சொல்வதென்று தெரியாமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி வட்டம் மறுபடி விழும். நீ கையெழுத்துப் போட்ட மனுவின் மேலேயே அதற்கான கணக்கைப் போட்டிருக்கிறேன். இனி அது கோர்ட்டுக்கு ஆகாது. இத்துடன் வைத்திருக்கிறேன், சரிபார்த்துக்கொள்.

ஆகஸ்ட்டில் மழைமேகம் மறைத்துவிட்டால் அடுத்த ஏப்ரல் வரை அங்கேயே காத்திருக்க வேண்டியதுதான். அடுத்த ஞாயிறு பெட்டியோடு வருகிறேன். கூடத்தில் கிடக்கும் இரும்பைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி வை. எதையும் தூக்கிப் போட்டுவிடாதே.

உன்
திவாகரன்