நாலாவது விரல்

செப்டெம்பர் 9, செவ்வாய்

கடும் காற்று. கடலுக்குப் போகவில்லை. சார்ஜர் வாங்கப் புத்தளம். கடையில் பொருத்திப் பார்க்க ஃபோனைத் திறக்க வேண்டும். என் விரலை அது ஏற்கவில்லை. நக்கினேன், கட்டியிருந்த சாரத்தில் துடைத்தேன், ஊதினேன். பூட்டிக்கொண்டு இரகசிய எண் கேட்டது. குத்தினேன். குத்தும்போது வாய்விட்டுச் சொல்வது என் பழக்கம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைக்கார நானா: "அண்ணே, மெதுவா. ரோட்டுக்கும் கேக்குது."

கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. சார்ஜரை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன்.

செப்டெம்பர் 10, புதன்

காற்றுக் குறைவு. மகள் ஷெரின் (கம்பியூட்டர் படிக்கிறாள்) பாடம் எடுத்தாள். தூண்டில் நூல் வெட்டின விரல், உப்பில் ஊறின விரல் என்றால் ரேகை பிடிபடாதாம். வெட்டுக் குறைந்த மூன்று விரல்களைப் பதிந்தோம். இடது சுண்டுவிரல்தான் கெட்டிக்காரன். இதுவரை ஒரு வேலையும் செய்யாதவன்.

"என்ட ரேகையப் படம் புடிச்சு வச்சிருக்குதா?"

"படமில்லப்பா. கணக்கா மாத்தி உள்ளுக்கயே பூட்டி வைக்கும். வெளிய விடாது."

என்ன மாதிரிச் சாமான்! என் வாயை விட ஆயிரம் மடங்கு திறம்.

எனக்கும் இப்படியொரு பூட்டு வேணும். கடலுக்கடியில் மீன் தங்கும் கல் இருக்கும் இடங்கள், இத்தனை வருடத் தேட்டம், போட்டிலுள்ள ஜி.பி.எஸ்ஸில் எண்களாக. அது பழுதானால் என்று ஃபோனில் ஒரு பிரதி. முந்தின ஃபோனைக் கடல் குடித்ததால் இது வீட்டில்தான்.

மனைவி ரீட்டா குசினியில் சமைத்தபடி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செப்டெம்பர் 11, வியாழன்

கடல் நல்லம். பாரை மீன் கொஞ்சம். வந்து சாப்பிட்டு நித்திரை.

நான் நித்திரையில் இருக்க, மச்சான் அந்தோனி, ரீட்டாவின் தம்பி, என் பெருவிரலைப் பிடித்து ஃபோனில் வைத்துப் பார்த்தானாம், ஷெரின் சொன்னாள்! எனக்கே திறக்காத விரல். அவனுக்கா திறக்கும்? ஃபோன் மேல் மரியாதை இன்னும் கூடிவிட்டது.

"அத்தான், ஒரே ஒரு கல்லு காட்டுங்களேன். நானும் பிள்ளைக்காரன்தானே."

"நான் செத்தாப் பிறகு வா, காட்டுறன்."

அவன் சிரித்தான். ரீட்டா சிரிக்கவில்லை. சட்டியைக் கழுவும் சத்தம் பெரிதாகக் கேட்டது.

செப்டெம்பர் 12, வெள்ளி

கூட வரும் ஆளுக்குக் காய்ச்சல். தனியப் போனேன். இஞ்சின் நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றி, துடைத்து, கயிற்றை இழுத்து இழுத்துக் கை போச்சு. கடைசியில் இரங்கியது. கரை சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

கரையில் அந்தோனி தன் போட்டைத் தண்ணீரில் தள்ளி, இஞ்சின் பூட்டி, தயாராக. பக்கத்தில் ரீட்டா. கையில் என் ஃபோன். திறந்தபடி, வெளிச்சத்தோடு.

என்னைக் கண்டதும் ஃபோனை அணைத்துவிட்டாள்.

"கறி ஆறிப்போச்சு," என்றாள். அவ்வளவுதான்.

எப்படித் திறந்தாள்? கேட்கத் துணிவில்லை. உடம்பெல்லாம் நோவு.

செப்டெம்பர் 14, ஞாயிறு

பூசை. வந்து பாணும் பருப்பும் சாப்பிட்டோம். ஷெரினிடம் ஃபோனைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

பதிந்தது மூன்று விரல். ஃபோனிலுள்ள விரல் பட்டியலில் நாலு. தொடத்தொடப் பட்டியலில் அந்தந்த விரலுக்கான வரி மின்னியது. நாலாவது என் பத்து விரலுக்கும் மின்னவில்லை.

"இரகசிய எண் தெரிஞ்சா ஆரும் விரல் சேக்கலாம்பா. உங்கட எண் பக்கத்து வீட்டு நாய்க்கும் தெரியும். இத அழிக்கவா?"

ரீட்டா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொட்டாள். மின்னியது.

"வராத அண்டைக்கு உங்கள எங்க தேடுறதாம்? கடல் முழுக்கவா?"

"அந்தோனிக்குக் காட்டினியா?"

"இல்ல. இருட்டுற வரைக்கும் பாப்பம் எண்டு நிண்டேன். அவன் கேட்டுக் கேட்டு நிண்டான். இருட்டினா காட்டியிருப்பேன்."

கூடப் பிறந்தவனுக்கும் காட்டாமல், தள்ளின போட்டைப் பார்த்துக்கொண்டு அப்படி நின்றிருக்கிறாள். பூட்டும் திறப்பும் ஒரே ஆளாக இருப்பதை நான் வேறெங்கும் காணவில்லை.

"அழிக்காத, இருக்கட்டும்," என்றேன். எண்ணை மட்டும் மாற்றினோம். ரீட்டாவின் காதில் சொன்னேன்.

பின்னேரம் ஃபோனிலுள்ள கல் பட்டியலில் ஒரு இடம் புதிதாக ஏற்றினேன். ஆழத்துக் கல். நல்ல மீன் அங்கேதான். அதன் எண்களை இதுவரை தலைக்குள் மட்டும் வைத்திருந்தேன். போகும்போது ஜி.பி.எஸ்ஸில் அடிப்பேன், திரும்பும்போது அழித்துவிடுவேன்.

"என்ன குத்திக்கொண்டிருக்கிறீங்க?" ரீட்டா.

"சும்மா."

வெள்ளிக்கிழமை இஞ்சின் நின்றது அங்கேதான் என்று சொல்லவில்லை.