ஆதாரம் இல்லாத வரி

மார்ச் 4, செவ்வாய்

கடையில் ஈ ஓட்டினேன். மதியம் வரைக்கும் மூன்றே பேர்தான் வந்தார்கள். ஒருவருக்கு லென்ஸ் மாற்றினேன், இன்னொருவருக்குத் திருகாணியை முடுக்கிக் கொடுத்தேன். மூன்றாமவர் எல்லா ஃபிரேமையும் போட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார்.

சும்மா இருந்த நேரத்தில் இணையக் கலைக்களஞ்சியத்தில் அக்காவின் பெயரைத் தட்டினேன். அப்படி ஒரு பக்கமே இல்லையாம், வேண்டுமானால் நீங்களே உருவாக்கலாமாம். இரண்டே ஆட்டம் ஆடிய கால்பந்துக்காரனுக்கெல்லாம் அங்கே பக்கம் இருக்கிறது. பார்வை இல்லாதவர்கள் விரலால் தொட்டு வழி கண்டுபிடிக்க ஊர் ஊராக வரைபடம் செய்து தந்தவளுக்கு இல்லை.

அவள் என்னோடு பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டாள். வீட்டையும் மாற்றிவிட்டாள்.

நானே எழுதினால் என்ன? என்றைக்காவது தன் பெயரைத் தேடிப் பார்க்காமலா இருப்பாள்? பார்த்தால், யார் எழுதியது என்றும் பார்ப்பாள்தானே?

மார்ச் 5

'கண்ணாடிக்காரி' என்று பெயர் வைத்துக் கணக்குத் தொடங்கினேன். எழுதியும் முடித்தேன். ஈடு இணையற்றவர், தன்னலம் கருதாதவர், பல்லாயிரம் பேரின் வாழ்வில் ஒளியேற்றியவர். நடுவில் இரண்டு பத்தி மட்டும் செய்தித்தாளில் வந்ததை அப்படியே போட்டேன். அந்த நிருபர் நன்றாகத்தான் எழுதியிருந்தார்.

வீட்டுக்காரர் படித்துவிட்டு, "என்ன இது, பாராட்டு விழா நோட்டீஸா? தலைவர், செயலாளர் பேருதான் பாக்கி"ன்னார். பொறாமை.

மார்ச் 6

பக்கத்தைக் காணோம்!

அழித்தவர் பெயர் 'நத்தை'. அங்கே பல வருஷமாக எழுதுகிறவராம். எனக்கு ஒரு குறிப்பு வைத்திருந்தார்: "வணக்கம். செய்தித்தாளின் எழுத்து செய்தித்தாளுக்குச் சொந்தம். தகவலை எடுத்துக்கொள்ளலாம், வாக்கியத்தை எடுக்கக் கூடாது. 'ஈடு இணையற்றவர்' என்பது உங்கள் கருத்து. என்ன செய்தார் என்று மட்டும் எழுதுங்கள், உயர்வா இல்லையா என்பதை வாசிப்பவர் முடிவு செய்துகொள்வார்."

மூணு மணி நேரம் உட்கார்ந்து எழுதினது. நத்தைன்னு பேரை வெச்சுக்கிட்டு இவ்வளவு வேகமா வந்து அழிக்கிறாங்க.

மார்ச் 8, சனி

அதே பத்திகளில் ஒவ்வொரு சொல்லாக மாற்றிப் பார்த்தேன். 'வடிவமைத்தார்' என்பதை 'உருவாக்கினார்' ஆக்கினேன். 'பாராட்டைப் பெற்றார்' என்பதைப் 'புகழப்பட்டார்' ஆக்கினேன். அதையும் கண்டுபிடித்துவிட்டார். சொற்கள்தான் மாறியிருக்கின்றன, வாக்கியங்கள் அப்படியே இருக்கின்றன என்றார். வாஸ்தவம்தான். பழைய ஃபிரேமில் புது லென்ஸ் போட்டுவிட்டுப் புதுக் கண்ணாடி என்று நான் விற்றால் வாடிக்கையாளர் சும்மா விடுவாரா?

படித்துவிட்டு மூடி வையுங்கள், பிறகு நினைவில் இருப்பதை உங்கள் நடையில் எழுதுங்கள் என்று யோசனை சொன்னார்.

மூடி வைத்தேன். செய்தித்தாளில் இருந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அட்டையில் நூல் ஒட்டி முதல் வரைபடம் செய்துகொண்டிருந்த அக்காதான் வந்தாள். தெருவுக்கு உப்புத்தாள், பேருந்து நிறுத்தத்துக்குச் சட்டைப் பொத்தான். என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, "நம்ம வீடு எங்கன்னு கண்டுபிடிடி" என்பாள். என் விரல் ஒவ்வொரு தடவையும் கசாப்புக் கடையில் போய் நிற்கும். விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இதையெல்லாம் எங்கே எழுதுவது? எந்தப் பத்திரிகையில் வந்திருக்கிறது, ஆதாரம் காட்ட?

அந்தச் சிரிப்பை ஒரு தடவை கேட்டால் போதும் எனக்கு.

மார்ச் 12

நத்தை கேட்டேவிட்டார். "இவரைப் பற்றி மிகவும் பரிவோடு எழுதுகிறீர்கள். உறவினரா? உறவினர் எழுதக் கூடாது என்றில்லை. ஆனால் உங்கள் பயனர் பக்கத்தில் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்."

மார்ச் 14

இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு இன்று எழுதினேன்: 'நான் எழுதும் கட்டுரையில் இடம்பெறுபவர் என் அக்கா.'

ஒரே ஒரு வரிதான். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று யார் கேட்டாலும், இல்லை என்றுதான் ஒன்பது வருஷமாகச் சொல்லிவந்தேன்.

மார்ச் 16

பக்கம் நிலைத்துவிட்டது! ஒன்பது வரி. இரண்டு செய்தித்தாள், பார்வையற்றோர் பள்ளியின் ஆண்டறிக்கை ஒன்று, வரிக்கு வரி ஆதாரம். எந்த ஆண்டு, எத்தனை வரைபடம், எந்தெந்தப் பள்ளிகள். உப்புச் சப்பில்லாமல்தான் இருக்கிறது. ஆனால் யாராலும் அழிக்க முடியாது.

ஆறு தடவை திறந்து பார்த்தேன்.

மார்ச் 19

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அம்மா போன நாள்.

நாலு மாசம் படுக்கையில கிடந்தா. நான்தான் தூக்கி உட்கார வெச்சேன், நான்தான் குளிப்பாட்டினேன். தினமும் கேட்டா, "பெரியவ வந்தாளா?" வருவாம்மா, வருவாம்மான்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுது. பெரியவ வந்தா — எல்லாம் முடிஞ்ச மறுநாள், தோள்ல ஒரு பையை மாட்டிக்கிட்டு. வாசல்லயே கேட்டேன், அத்தனை பேர் முன்னாடி. "ஊருக்கெல்லாம் வழி காட்டுறவளுக்கு வீட்டுக்கு வர வழி தெரியலையா?"

கழற்றின செருப்பைத் திரும்ப மாட்டிக்கிட்டா. அவ்வளவுதான்.

இன்னிக்குக் காலையில அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவ செஞ்ச நல்லது மட்டும் வரிசையா நிக்குது. நடுநிலைன்னா ரெண்டு பக்கமும்தானே? ஒரு வரி சேர்த்தேன்: 'தாயின் இறுதி நாட்களில் இவர் அருகில் இருக்கவில்லை.'

நாலே நிமிஷம்தான். நத்தை எடுத்துவிட்டார். "உயிரோடு இருப்பவரைப் பற்றி ஆதாரம் இல்லாமல் இப்படி எழுதக் கூடாது. புகழ்வதைப் போலவே குறை சொல்வதற்கும் இங்கே விதி உண்டு. உங்களுக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று புரிகிறது. இன்று கொஞ்சம் விலகி இருங்கள்."

மார்ச் 20

என்ன காரியம் செய்தேன்?

எடுத்தாலும் அது போகாதாம். 'வரலாறு' என்று ஒரு இடம் இருக்கிறது. யார் எப்போது எதைச் சேர்த்தார்கள், எது நீக்கப்பட்டது, எல்லாம் அங்கே இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என் வரி அங்கே உட்கார்ந்திருக்கிறது, பக்கத்திலேயே 'கண்ணாடிக்காரி'. பயனர் பக்கத்துக்குப் போனால் 'என் அக்கா' என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன்.

மறைத்துவிடும்படி நத்தையிடம் கெஞ்சினேன். நிர்வாகியிடம் சொல்லியிருக்கிறாராம், சில நாள் ஆகலாமாம்.

எப்படியாவது பார்த்துவிட மாட்டாளா என்று ஏங்கித்தான் தொடங்கினேன்.

மார்ச் 21

பார்க்காதே அக்கா.

ஏப்ரல் 2, புதன்

பார்த்துவிட்டாள்.

கட்டுரைக்குப் பின்னால் இருக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். தன்னைப் பற்றிய கட்டுரையில் தானே கை வைக்கக் கூடாது என்பது விதி. அதைப் படித்துவிட்டு வந்திருக்கிறாள், எதையும் ஒழுங்காகச் செய்கிறவள்.

"இந்தக் கட்டுரை என்னைப் பற்றியது. இரண்டு திருத்தங்கள் வேண்டும். ஒன்று: முதல் வரைபடத்தை நான் தனியாகச் செய்யவில்லை. என் தங்கையும் சேர்ந்து செய்தாள். இரண்டு: மார்ச் 19 அன்று நீக்கப்பட்ட வரி உண்மை. அதைத் திரும்பச் சேர்க்கலாம்."

அதற்குக் கீழே தன் தொலைபேசி எண்.

கொஞ்ச நேரத்தில் நத்தை பதில் போட்டார். இரண்டுக்குமே வெளியான ஆதாரம் இல்லாததால் சேர்க்க இயலாது. உண்மையாக இருந்தாலும் இயலாது. தனிப்பட்ட எண்ணைப் பொதுவில் போடக் கூடாது என்பதால் அதையும் நீக்கிவிட்டார்.

நீக்கட்டும். அதற்குள் பில் புத்தகத்தின் பின் அட்டையில் குறித்துவிட்டேன்.

ஏப்ரல் 3

அரை நாள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"அக்கா."

என் குரல் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மாவை அப்படிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லடி. மூணு தடவை பஸ் ஏறினேன். மூணு தடவையும் பாதி வழியிலேயே இறங்கிட்டேன்."

ஒன்பது வருஷமாக நான் தயாராக வைத்திருந்த பதிலில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுக்கா" என்றேன். இரண்டு பேரும் அழுதோம்.

ஏப்ரல் 12, சனி

கடைக்கு வந்தாள். முடி பாதி நரைத்துவிட்டது. நேராக என்னிடம் வராமல் ஃபிரேம் அலமாரி முன்னால் நின்றுகொண்டு, "படிக்கிறதுக்கு ஒண்ணு வேணும்" என்றாள், யாரோ வாடிக்கையாளர் மாதிரி. "உட்காருங்க" என்று எனக்கும் அப்படித்தான் வந்தது.

ஒரு கருவிழிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். முகத்துக்கு நேரே முகம் வைத்து, அடிக்கோலை மூக்கின் மேல் பிடித்து, என் கண்ணையே பாருங்க என்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக எல்லாரிடமும் சொல்கிறேன். சொன்னேன். பார்த்தாள்.

அறுபத்தொரு மில்லிமீட்டர் வந்தது. மறுபடி எடுத்தால் அறுபத்து நான்கு. வளர்ந்த ஆளுக்கு மாறாத அளவு அது. கோலில் இருந்த கோடெல்லாம் எனக்குத் தண்ணீருக்குள் தெரிந்தது.

"இன்னிக்கு எடுக்க முடியலக்கா. நாளைக்குக் கடை லீவு."

"திங்கக்கிழமை எடு. அதுவரைக்கும் இருக்கேன்."

பரணில் இருக்கும் மெத்தையை இறக்கித் தட்டி வைக்கும்படி வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.