குப்பை என்றொரு ஃபோல்டர்

கோபக்காரக் குட்டிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் பெங்களூருக்கு இந்தக் கொரியர். அம்மா சுட்ட முறுக்கு டப்பாவின் அடியில் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. அவசரத்தில் அதையும் கடித்துவிடாதே.

உன் லேப்டாப்பை நெமிலிச்சேரியில் மஸூத் பாய் கடைக்கு எடுத்துப் போனேன். எப்படி உடைந்தது என்று கேட்டார். கை தவறி விழுந்தது என்றேன். அன்று சாப்பாட்டு மேசையில் நான் அதைத் தூக்கி அடித்ததை அவரிடம் எப்படிச் சொல்வது? மூடியில் இருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தவர், ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"ஹார்ட் டிஸ்க் செம அடி வாங்கிகீது சார். எப்ப வேணா நின்னு பூடும். எது முக்கியமோ அத்த மொதல்ல எடுத்துர்லாம்."

திரையில் வரிசையாக ஃபோல்டர்கள் வந்தன. ஆபீஸ், சர்டிபிகேட், அக்கா கல்யாணம். கடைசியில் 'குப்பை'.

"இத்த உட்டுர்லாமா சார்?"

"இல்ல பாய், அதான் மொதல்ல."

ஆறு வருடமாக எழுதும் நாவலை நீ வேறெங்கே வைத்திருப்பாய்? முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் வந்துவிட்டன. நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. நீயாகக் கொடுத்தால் படிப்பேன். மற்றதை எடுப்பதற்குள் டிஸ்க் நின்றுவிட்டது. சர்டிபிகேட்டுகளுக்கு நான் அலைந்துகொள்கிறேன்.

அந்த ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றிவிடு, கண்ணு. வைத்தது நீயாக இருந்தாலும், அது இத்தனை வருடமும் நான் சொன்ன வார்த்தை.

உன்
அப்பா