இவர் பிடித்த விரால்

6-11-1966, ஞாயிறு

இன்றும் வெறுங்கை. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்த கையோடு சைக்கிளில் கிளம்பிப் போன மனிதர், வதங்கின கத்தரிக்காய் மாதிரி திரும்பி வந்தார். செஞ்சி தூண்டில் சங்கத்தில் சேர்ந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. மின்சார ஆபீசில் தலை நிமிராமல் எழுதுகிற குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமையாவது ஏரிக்கரையில் காற்று வாங்கட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்காக ஒரு கெண்டைக்குஞ்சு கூடவா மாட்டாது?

சங்கத்தில் இவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அன்னதானப் பிரபு. வைத்தவர் இளையபெருமாள். கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், இவருக்கு உயிர்த் தோழர். "சகாயம் ஏரிக்கு வர்றது மீன் புடிக்க இல்ல, புழு போட்டு அன்னதானம் பண்ண" என்று என் முன்னாலேயே சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு சாப்பிடும்போது, நீயும் சேர்ந்து சிரிக்கிறாய் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சிரிக்காமல் பின்னே ஒப்பாரியா வைப்பது?

9-11-1966, புதன்

பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தால், கொல்லையில் மண்புழு தோண்டிக்கொண்டிருக்கிறார். என் கனகாம்பரச் செடியையும் சேர்த்து. ஆண்டவரே, எனக்குப் பொறுமை கொடும்.

13-11-1966, ஞாயிறு

இவர் மீன் பிடித்துவிட்டார். விரால், முழங்கை நீளம். சிங்கவரம் ஏரி. மற்றவர்கள் கரைமேல் வரிசையாக உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் வயல் வாய்க்கால் வந்து விழுகிற மூலைக்குப் போனாராம். மாட்டிக்கொண்டது என்று இவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடி வந்தார்களாம். சங்கத் தலைவர் விநாயகம், இரும்புக் கடைக்காரர், இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாராம்.

சங்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் முதன்முதலில் பிடிக்கிற மீனை அவர் வீட்டில் சமைக்கக் கூடாது. இன்னொரு உறுப்பினர் வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் கை ராசியாகுமாம். இவர் வேறு யாருக்குக் கொடுப்பார்? இளையபெருமாளுக்குத்தான். அவர் சம்சாரம் குஞ்சம்மாள் பிள்ளை வரம் கேட்டு இன்றிலிருந்து சஷ்டி விரதம். மீன் பக்கமே போக மாட்டாள். அதனாலென்ன என்று அந்த மனிதர் கொல்லையில் கல் கூட்டி, தானே குழம்பு வைத்து, தானே உட்கார்ந்து மத்தியானம் ஒரு கை பார்த்திருக்கிறார். இனிமேல் அன்னதானம் என்று கூப்பிட மாட்டேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

இவர் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், தலைவலி என்று சுருண்டு படுத்துவிட்டார். மகராசனுக்குச் சந்தோஷம் கூட ஒத்துக்கொள்ளவில்லை.

அதே நாள், மாலை — இளையபெருமாளுக்கு வலிப்பு கண்டிருக்கிறதாம். ஆள் வந்து சொல்லிவிட்டுப் போகிறான். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

14-11-1966, திங்கள்

எழுதிவிட்டால் மனம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். மீன் என்றாள் குஞ்சம்மாள். செத்துக் கிடந்ததா, உயிரோடு பிடித்ததா என்று கேட்டார். அவள் திரும்பி இவரைப் பார்த்தாள். "உசுரோடதான் சார். தூண்டில்ல மாட்டினது" என்றார் இவர். சரி, இது காக்காய்வலிப்புதான் என்று டாக்டர் ஊசி போட்டார்.

இன்று காலை சிங்கவரத்திலிருந்து தயிர் கொண்டுவருகிற செல்லம்மாள் வந்தாள். தானாகவே பேச்செடுத்தாள். அவர்கள் ஊரில் யாரோ ஒருவன் நெல்லுக்கு எண்ட்ரின் பூச்சிமருந்து அடித்துவிட்டு, டின்னை வாய்க்காலில் கழுவி விட்டானாம். ஏரி மூலையில் சனிக்கிழமையிலிருந்தே மீன் செத்து மிதக்கிறதாம். தின்ற நாய் வாயில் நுரை தள்ளிச் செத்ததாம். அந்தப் பக்கம் ஊரில் ஒருத்தரும் போவதில்லையாம்.

வாய்க்கால் மூலை.

உள்ளே போய்க் கேட்டேன். முதலில், அது கடித்தது என்றார். இரண்டாம் தடவை கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மெதந்துக்கினு இருந்துது, அருளு. செவுள் மட்டும் லேசா அசைஞ்சுது. நான்தான் கையால எடுத்து முள்ளை வாயில மாட்டினேன். மருந்துன்னு எனக்கு இன்னா தெரியும்?"

நேற்றுத் தெரியாது, சரி. இன்று தெரிந்துவிட்டதே, எழுந்திருங்கள், டாக்டரிடம் போய்ச் சொல்லலாம் என்றேன். அசையவில்லை. சொன்னால் சங்கத்தில் எப்படித் தலைகாட்டுவேன் என்கிறார். ஊசி போட்டிருக்கிறார்களே, தேறிவிடுவான் என்கிறார். அங்க ஒரு மனுசன் கையும் காலும் இழுத்துக்கினு கெடக்குறான், இவருக்குத் தலைகாட்டணுமாம் தலை!

நானே போனேன். டாக்டரைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "நேத்தே தெரிஞ்சிருந்தா உடனே வயித்தைக் கழுவி விட்டிருப்பேனேம்மா" என்றார். பிறகு நர்சைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்.

15-11-1966, செவ்வாய்

விடியும்போது இளையபெருமாள் போய்விட்டார்.

17-11-1966, வியாழன்

மீனில் விஷம் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. டின் கழுவினவனைக் கடைத்தெருவே திட்டித் தீர்க்கிறது. மிதந்த மீன் என்பது மட்டும் டாக்டரையும் எங்களையும் தவிர யாருக்கும் தெரியாது. டாக்டர் வெளியே விடவில்லை.

சங்கத்து ஆட்கள் துக்கம் கேட்க எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு! "தண்ணில மருந்து இருந்தா மீனு வந்து சொல்லுமா? நீ இன்னா பண்ணுவே சகாயம்" என்று விநாயகம் இவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். இவர் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். சோறு போடுகிறவள் நான்.

20-11-1966, ஞாயிறு

பூசைக்கு முன்னால் கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டாராம். மனம் லேசாகிவிட்டதாம். சாமியாரா அந்த மீனைத் தின்றார்? சாமியார் தாலியா போயிற்று? வழியிலேயே கேட்டுவிட்டேன். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கருமாதி வரைக்கும் தவணை. அதற்குள் குஞ்சம்மாளிடம் நீங்கள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று சொல்லிவிட்டேன். அவரைப் பார்க்கப் பரிதாபமாகவும் இருக்கிறது. மோசமான மனிதர் இல்லை. ஒரு எறும்பை மிதித்தாலும் காலைத் தூக்கிப் பார்க்கிற ஆள். அதுதான் எனக்கு ஆறவில்லை. இவ்வளவு நல்லவர் எப்படி அன்றைக்கு டாக்டர் முன்னால் நின்று அப்படிச் சொன்னார்?

26-11-1966, சனி

இன்னும் போகவில்லை. காய்ச்சல் என்கிறார். தொட்டுப் பார்த்தேன், உடம்பு சுடவில்லை.

1-12-1966, வியாழன்

நேற்றுக் கருமாதி முடிந்தது. சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு இன்று இரண்டு பேரும் போனோம். குஞ்சம்மாள் வெறும் நெற்றியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை வேண்டி விரதம் இருந்தவள்.

இவர் நின்றுகொண்டே சொன்னார். மிதந்தது, எடுத்தது, முள் மாட்டினது, டாக்டரிடம் பொய் சொன்னது, ஒன்று விடாமல். சொல்லி முடித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், விளக்குமாற்றை எடுப்பாள் என்று நான் தயாராக நின்றேன். எடுத்தால் தடுக்கக் கூடாது என்றும் முடிவு செய்திருந்தேன்.

அவள் எதுவும் எடுக்கவில்லை. இவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"ஏண்ணா சொல்லல?"

"எல்லாரும் சிரிப்பாங்கன்னு" என்றார் இவர்.

"ஆமா, சிரிச்சிருப்பாரு" என்றாள் குஞ்சம்மாள். "நல்லா சிரிச்சிருப்பாரு. அவ்ளோதானேண்ணா?"

எழுந்து உள்ளே போய்விட்டாள். நாங்கள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் வெளியே வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தோம்.

4-12-1966, ஞாயிறு

குஞ்சம்மாளை அவள் அண்ணன் அவலூர்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். சைக்கிள் கடையை யாரோ வாங்கப் பேசுகிறார்களாம். இவரே விநாயகத்திடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சங்கத்தில் பெயரை அடித்துவிட்டார்கள். மிதந்த மீனைத் தூண்டிலில் மாட்டியதற்காக.

11-12-1966, ஞாயிறு

இவர் இப்போது எங்கும் போவதில்லை. ஆபீஸ், வீடு. நான் கேட்டதற்குப் பதில் சொல்கிறார். நானும் கத்துவதை நிறுத்திவிட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டால், தங்கமான குடும்பம் என்பார்கள்.

மத்தியானம் அடுப்படியில் இருந்தேன். மழை வந்துவிட்டது, கொடியில் துணி கிடக்கிறது என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

நான் வெளியே வந்து, கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுத்தேன். மழைதான். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.