மேல்தாளில் நிற்கும் வாதாமரம்

சேக்காளி, நம் வாதாமரத்தை வெட்டிவிட்டார்கள். வெட்ட வைத்தது எதிரி இல்லை. நீ உறுப்பினராக இருந்த மாணவர் சங்கம். ரம்பத்தை அவர்கள் தொடவில்லை. ஆனால் அவர்கள் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்துத்தான் ஆள் வந்து அறுத்தான். பச்சை மரத்தின் வாசனை இப்போதும் சன்னல் வழியாக வந்துகொண்டிருக்கிறது.

காலையில் சத்தம் கேட்டு இறங்கி ஓடினேன். போவதற்குள் மரம் சாய்ந்துவிட்டது. அதன் நிழலில் பிழைத்த பேச்சியம்மாள், இஸ்திரி வண்டியை வெயிலில் விட்டுவிட்டு, சூடான பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். யாரைக் கேட்டு வெட்டினாய் என்று மேஸ்திரியிடம் இந்தியில் சண்டை போட்டேன். அவன் வரைபடத்தை விரித்துக் காட்டினான். நடைபாதை இருந்தது, பெஞ்சு இருந்தது, சாக்கடைகூட இருந்தது. மரம் இல்லை. கார்ப்பரேஷனில் அனுமதி வாங்கினாயா என்றேன். மரமே இல்லாத இடத்துக்கு எதற்கு அனுமதி என்று கேட்டான். அவன் கேலி செய்யவில்லை, சேக்காளி. உண்மையாகவே கேட்டான்.

நீ சங்கத்தில் சேர்ந்தது தோல் பை தைக்கும் பட்டறை வேலையை விட்ட பிறகு. செம்பூர்க் கல்லூரியில் பூங்கா, தோட்டம் வடிவமைக்கும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் ஆகப் படிக்கும் பிள்ளைகள் தாராவிக்கு வந்தார்கள். நம் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தைப் பூங்காவாக மாற்றப் போகிறோம், இங்கே வசிப்பவர்களும் எங்கள் சங்கத்தில் சேரலாம் என்றார்கள். யாரும் அசையவில்லை. நீ மட்டும் பேச்சியம்மாளிடம் சட்டையைத் தேய்த்து வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினாய்.

"ஏல, இந்த வயசுல ஸ்டூடண்டா? டிபன் பாக்ஸ் கட்டித் தரட்டா?" என்றேன்.

"கட்டு. ரெண்டு பேருக்காக் கட்டிட்டு நீயும் வால."

நான் வரவில்லை. தானாக எழுத்துக் கூட்டிப் படித்தவனுக்குக் கல்லூரியில் என்ன வேலை என்று இருந்துவிட்டேன். அது தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை. நீ போனதற்கு ஒரே காரணம்தான். "பூங்கா போடுதோம்னு மரத்தத் தூக்கிருவானுவ. நம்மாளு ஒருத்தன் உள்ள இருக்கணும்லா" என்றாய்.

அந்தப் பிள்ளைகள் வரைகிற விதத்தைச் சொல்லிச் சொல்லி உனக்கு அலுக்கவே இல்லை. தரை, பாதை எல்லாம் ஒரு தாளில். மரங்கள் மட்டும் தனியாக, கண்ணாடி போன்ற மெல்லிய தாளில். அதை மேலே வைத்தால் நிழல் விழும் இடம் தெரியும். எடுத்தால் வெறும் தரை. நம் மரத்தை வரையும் வேலையை உன்னிடமே கொடுத்தார்களாம். வட்டம் கோணலாக வந்ததும் ஒரு பையன் அழிக்கப் பார்க்க, எங்கள் மரமும் கோணல்தான் என்று நீ தடுத்துவிட்டாயாம். வேலை தொடங்கும் முன் நீ போய்விட்டாய்.

இன்று மதியமே செம்பூருக்குப் போனேன். சங்கத்தின் செயலாளர் மாட்டுங்காத் தமிழ்ப் பெண். உன் சாவுக்கு வந்து அழுதவள். மேஸ்திரியிடம் பிடுங்கி வந்த வரைபடத்தை அவள் முன்னால் விரித்தேன். முகம் வெளுத்துவிட்டது. அலமாரியிலிருந்து மெல்லிய தாளை எடுத்து அதன் மேல் வைத்தாள். உன் கோணல் வட்டம் வந்து நின்றது.

"கீழ் ஷீட் மட்டும் போயிருக்கு, அங்கிள். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தே எங்களுக்குப் பழகிடுத்து. தனியாப் போனா மரம் இருக்காதுன்னு ஒருத்தருக்கும் தோணலை. ஸாரி."

"ஸாரிய நீயே வச்சுக்கோம்மா. பேச்சியம்மா அத வண்டிக்கு மேல கட்டிக்கிட முடியாது."

அவள் அழுதாள். நான் மனம் இறங்கவில்லை. கெட்டவன் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். மரத்தின் மேல் ஆசை வைத்த பிள்ளைகள், நீ வரைந்த தாளைப் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு, நம் மரத்தைச் சாய்த்திருக்கிறார்கள். இது எனக்கு விளங்கவே இல்லை.

சங்கத்தில் உன் இடம் காலியாக இருந்தது. என் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். சேர்த்துக்கொண்டார்கள். உன்னுடையது என்று இனி நான் சுமப்பது அந்த இடத்தைத்தான்.

நடக்க வேண்டியதை அங்கேயே சொல்லிவிட்டேன். பேச்சியம்மாளுக்கு நாளைக்கே தார்ப்பாய்ப் பந்தல் கட்ட வேண்டியது சங்கத்துப் பிள்ளைகள், கூலிக்கு ஆள் வைக்காமல். நடந்ததைக் கார்ப்பரேஷனில் சொல்ல வேண்டியது கல்லூரியும் மேஸ்திரியை அனுப்பிய காண்டிராக்டரும், ஒருவர் மேல் ஒருவர் போடாமல். அடிமரத்துக்குப் பக்கத்தில் வாதாங்கன்று நட வேண்டியது இந்தப் பிள்ளைகள். இவர்கள் படித்து முடித்துப் போனால் தண்ணீர் ஊற்ற வேண்டியது அடுத்து வருகிறவர்கள். இனி எந்த வரைபடம் வெளியே போனாலும் இரண்டு தாளையும் சேர்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். தமிழில்தான் போடுவேன். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியது அவர்கள்.