இன்னும் ரெண்டு மணித்தியாலம்

அக்கா,

இங்கே சீசாப் பகுதி பஸ் தரிப்பிடத்தில் கஸ்தாஞ்ஞாக் கொட்டை சுடத் தொடங்கிவிட்டார்கள். அந்த வெள்ளைப் புகை மூக்கில் ஏறியதும் உங்கள் மேல் பழைய கோபம் வந்தது. செத்துப்போன மனுசியோடு என்ன கோபம் என்று கேட்பீர்கள். வந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒக்டோபர் மாதம். கொழும்பிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன் ரெலிபோன் எடுத்து, ஊரில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டா, அடக்கம் முடிந்து பன்னிரண்டு நாள் என்றார். சண்டைக்குள்ளிருந்து செய்தி வர அவ்வளவு நாள். என் தம்பி மலைப்பக்கம் ஒலிவ் பிடுங்கப் போயிருந்தான். அங்கே ரெலிபோன் இல்லை. எனக்குத் தெரிந்த எங்கள் பெண்களில் கார் ஓடத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். மறுநாள் ஞாயிறு, நீங்கள் வேலை செய்த வீட்டு எசமானி, அந்தச் சிஞ்ஞோராவின் பழைய காரைக் கேட்டு வாங்கி வந்து, "ஏறும்" என்றீர்கள்.

பறந்துபோய்ச் சொல்லவேண்டும் என்று நான் துடிக்க, நீங்கள் மாட்டுவண்டி ஓட்டினீர்கள். வழியில் மிசில்மேரியில் நிறுத்திக் கோப்பி. வில்லஃப்ராத்தியில் ஒரு பை கஸ்தாஞ்ஞா. முதல் மழைக்கு உழுத வயல்கள் கறுத்துக் கிடந்தன. ஒரு வளைவில் ஆட்டுக்கூட்டம் ரோட்டை மறிக்க, ஹோர்ன் அடிக்காமல் எஞ்சினையே நிறுத்தினீர்கள். கள்ளிப்பழம் விற்ற கிழவரிடம் அவர் மருமகளோடு பட்ட சண்டை வரைக்கும் விசாரித்தீர்கள். இந்த மனுசிக்கு நெஞ்சில் ஈரமே இல்லையோ என்று மனதுக்குள் திட்டி, கடைசியில் வாய்விட்டும் ஏசினேன்.

நீங்கள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: "உமக்கு நேற்றே தாய் போயிட்டா. அவனுக்கு இன்னும் இருக்கிறா. இன்னும் ரெண்டு மணித்தியாலம் இருக்கட்டும்."

அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது. நீங்கள் காரை இன்னும் மெதுவாக விட்டீர்கள்.

தோட்டத்தில் எங்களைக் கண்டு தம்பி சிரித்துக்கொண்டு ஓடிவந்தான். மரத்தடியில் அவனை இருத்தி, நீங்கள் கொண்டுவந்த அடுக்கு ரிபின் கரியரைத் திறந்து, சோறும் மீன்குழம்பும் போட்டீர்கள். அவன் சாப்பிட்டபடி, இந்த ஒலிவ் எண்ணெயில் ஒரு போத்தல் அம்மாவின் முழங்காலுக்குப் பூச அனுப்பவேண்டும் என்றான். என் காலை உங்கள் கால் அழுத்தியது. கடைசிப் பருக்கையும் முடிந்து, கை கழுவத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் என்னைப் பார்த்தீர்கள். சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று நாள் அவன் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. அந்த ஒரு வயிற்றுச் சோறுதான் அவனைத் தாங்கியது.

போன கிழமை ஆஸ்பத்திரியில் நீங்கள் கண்ணை மூடியபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன். உங்கள் மகள் பகேரியாவில், கடையில் வேலையில். ரெலிபோனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போய், அந்த ஒலிவ் தோட்டத்து நாளுக்குப் பிறகு நீங்கள் திருப்பிக் கேட்காத அதே கரியரில் சோறும் மீன்குழம்பும் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன்.

கடைக்குப் பின்னால் ஒரு வாங்கில் அவளை இருத்திக் கொடுத்தேன். அம்மா எப்படி என்று அவள் கேட்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று, பொய் சொல்லத் தெரியாத வாய் இது. எப்போதும் அவசரமாக விழுங்குகிற பிள்ளை, அன்றைக்கு ஒவ்வொரு முள்ளாக எடுத்து வைத்து, அரை மணித்தியாலத்துக்கு மேல் சாப்பிட்டாள். கரியரின் அடியை விரலால் வழித்தாள். போய்க் கை கழுவிக்கொண்டு வந்து என் முன்னால் இருந்தாள்.

"அந்த ஒலிவ் தோட்டத்துக் கதையை அம்மா எனக்கு எத்தினை தரம் சொல்லியிருக்கிறா, அன்ரி. உங்கடை கையிலை கரியரைக் கண்டவுடனை விளங்கிட்டுது," என்றாள். "ஏலுமான அளவு மெதுவாச் சாப்பிட்டன். இப்பச் சொல்லுங்கோ."

சொன்னேன், அக்கா. கரியரை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.