சொல்லும் வெட்டும் ஒரே வீச்சில்

மாப்ள,

நேற்று கண்ணாடி மாற்றத் தேனிக்குப் போயிருந்தேன். உன் கடையைத் தவிர வேறு கடையில் நான் கண்ணாடி வாங்கியதே இல்லை. இப்போது வேறு வழியில்லை. அங்கிருந்த பெண் என் பழைய கண்ணாடியைக் கழற்றி வாங்கி, சின்னக் குப்பியிலிருந்து மருந்தைப் பீய்ச்சித் துடைத்தாள். அந்த ஸ்பிரிட் வாசம் மூக்கில் ஏறியதும் கம்பத்தில் உன் கடை மாடியில் உட்கார்ந்திருப்பது போலவே ஆகிவிட்டது எனக்கு. "எழுத்து தெரியுதா சார்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்று கையைக் காட்டினேன். கலங்கிக் கிடந்த கண்ணுக்கு எந்த லென்ஸைப் போட்டாலும் தெரியாதுதான். பாவம், அந்தப் பெண் மூன்று லென்ஸை மாற்றிப் பார்த்தாள்.

ஞாயிறு மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாடிக்குப் போவோம். நீ லென்ஸ் பெட்டிகளை ஒதுக்கி மேசையைக் காலி செய்வாய். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டு, சின்னமனூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வந்த செல்விதான் இந்த ஆட்டத்தை நமக்குக் கொண்டுவந்தவள். அவள் கதை சொல்லுவாள். நாம் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்போம். என் ஆள் இதைச் செய்கிறான் என்று நாம் சொல்ல வேண்டும், அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். டீ கொண்டுவந்த அண்ணன் ஒருநாள், "என்ன, சீட்டாட்டமா?" என்றார். "இல்லண்ணே, பூதத்தை வெட்டுறோம்" என்றாய் நீ, முகத்தில் சிரிப்பே இல்லாமல். அதற்கப்புறம் அந்த மனிதர் தட்டைப் படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

நம் மேசைக்கென்று ஒரு சட்டம் உண்டு. செல்வியின் தம்பி பாண்டி செல்போனைப் பார்த்துக்கொண்டே "நெருப்பு விடுறேன்" என்று முணுமுணுப்பான். அது பொறுக்காமல் அவள் போட்ட சட்டம் அது. மந்திரம் போடுகிறவர் தானே கட்டிய மந்திரத்தைத் தமிழில், உரக்க, ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நாக்குத் தடுமாறினால் மந்திரம் பலிக்காது. வேறெங்கும் இப்படி ஆடுவதாகத் தெரியவில்லை. ஆனால் அதுதான் நம் ஆட்டத்துக்கே ருசி. உன் மந்திரவாதி மழையை அழைக்கும்போது, "சுருளியே இறங்கு, மேகமலையே கரை, ஆறே எழுந்து வா!" என்று நீ கத்துவாய். கீழே தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். உன் மந்திரவாதிக்கு முழங்கால் வலி வேறு உண்டு. எந்தக் குகைக்குள் நுழைந்தாலும் முதலில் உட்காரக் கல் தேடுவான்.

எனக்கோ திக்குவாய். சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் ஆட்டத்தில் வாள்வீரனாகச் சேர்ந்தேன். அதுவும் போதாதென்று அவன் ஊமை என்றும் சொல்லிவைத்தேன். பெரிய வாள், பெரிய கேடயம். என் முறை வந்தால் கையை வீசிக் காட்டிவிட்டுப் பகடையை உருட்டுவேன். செல்விக்கு அது நல்ல பாத்திரமாகத் தெரிந்தது. பாண்டிக்கும் அப்படியே. நீ மட்டும்தான் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மற்றவர்கள் மந்திரம் சொல்லும்போது என் உதடு கூடவே அசைவதை நீ கண்டுகொண்டாய் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் எல்லாரும் இறங்கிய பிறகு படியில் என்னை நிறுத்தினாய். "ஏலே, உன் ஆளு ஊமையா, இல்ல நீதான் அவன் வாயைக் கட்டிப் போட்டிருக்கியா?" என்றாய். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு வாரம் ஆட்டத்துக்கும் வரவில்லை. நீ போன் பண்ணவில்லை, சமாதானம் சொல்லவில்லை. கடையில் கூட்டமில்லாத நேரமெல்லாம் செல்வியிடம் வாங்கிய ஆட்ட விதிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாய். பிறகு என் சொட்டுநீர்க் குழாய்க் கடைக்கே நேரில் வந்தாய்.

"மாப்ள, ஒரு சுத்துக்கு ஒரு காரியந்தான, ஒண்ணு வெட்டணும், இல்ல மந்திரம் போடணும்? ரெண்டையும் சேத்துச் செய்றவன் ஒருத்தன் இருக்கான். மந்திரத்தை வாள்ல ஏத்தி வெட்டுவான். ரெண்டும் ஒரே காரியம். ஆனா ஒரு கை சும்மா இருக்கணும். கேடயத்தைக் கீழ போடு."

"கே... கேடயம் இல்லாட்டி அடி விழுமே."

"விழட்டும். நான் எதுக்கு இருக்கேன்?"

இப்படிச் சொல்லுகிறவனிடம் எத்தனை நாள் கோபமாக இருப்பது? அடுத்த ஞாயிறு என் வீரனுக்குப் பேச்சு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று செல்வி கேட்கவில்லை. தேனைத் தொட்டு நாக்கில் வைத்தோம் என்று நீயாகவே ஒரு கதையை அவிழ்த்துவிட்டாய்.

அன்றைக்கென்று அவள் எடுத்து வைத்தது நிழல் மிருகம். வெறும் வாள் அதற்குள் புகையில் போவது போலப் போய்விடும். வெறும் மந்திரத்தை அது விழுங்கிவிடும். நெருப்பு ஏறிய இரும்பு மட்டும்தான் அதை அறுக்கும். குகை வாசலை அது அடைத்துக்கொண்டு நிற்க, நீ நம் மூவர் மேலும் ஒளிக்கூடாரம் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாய். உன் கவனம் சிதறினால் கூடாரம் விழும். நீ அடி வாங்கும் ஒவ்வொரு முறையும் பகடை உருட்டி, கவனம் நின்றதா போனதா என்று பார்க்க வேண்டும். கூடாரம் விழுந்தால் எல்லாரும் செத்தோம். நான் சொன்னால்தான் பிழைப்போம்.

எழுந்து நின்றேன். "தீயே, இரும்பில் ஏறு, இருளைப் பிள" என்பதுதான் மந்திரம். வீட்டில் மாட்டுக்கும் சுவருக்கும் சொல்லிப் பார்த்து வந்தது. தொண்டையிலிருந்து "தீ" என்ற எழுத்து கிளம்பவே இல்லை. தாடை இறுகி, கண் மூடி, கழுத்து நரம்பு புடைத்து நின்றேன். மந்திரம் போயிற்று. மிருகம் உன் மந்திரவாதியை அறைந்தது. நீ உருட்டினாய், கூடாரம் நின்றது.

செல்வி மெதுவாக, "பரவால்ல, உங்களுக்கு மட்டும் இந்த ரூல் வேணாம். சொன்னதா வச்சுக்கிறேன்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குத்தான் எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. உனக்கு வந்த கோபத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வேணாம் செல்வி. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். நான் தாங்கிக்கிறேன், அவன் சொல்லுவான்."

அடுத்த சுற்றிலும் எனக்கு வரவில்லை. உனக்கு மறுபடி அடி. உன் மந்திரவாதியின் உயிர் கொஞ்சூண்டு பாக்கி. அப்போதும் என்னைப் பார்த்து உனக்கு உச்சுக்கொட்டத் தோன்றவில்லை. ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனிடம் சொல்வது போலச் சொன்னாய். "முதல்ல சொல்லிட்டு அப்புறம் வெட்டலாம்னு நிக்கிற. அதான் சிக்குது. கைய விடு. சொல்லு அதோடயே வரட்டும்."

கையை ஓங்கி மேசையில் அறைந்தேன். "தீயே" வந்தது. மூச்சை விடாமல் மறுபடி அறைந்தேன். "இரும்பில் ஏறு." "இருளைப் பிள" என்பதில் மாட்டப் பார்த்தது, ஆனால் கை ஏற்கெனவே பாதி வழியில் இருந்தது, சொல் நிற்க முடியாமல் கூடவே விழுந்தது. டீ கிளாஸ் உருண்டு பாண்டியின் மடியில் கொட்டியது. அவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, சூப்பர்ணே!" என்று கத்தினான். செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். நீ கைதட்டவில்லை. "பகடையை உருட்டு மாப்ள, அது இன்னும் சாகல" என்றாய்.

இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் செய்த பெரிய மரியாதை அதுதான். நான் பேசியதை நீ ஒரு அதிசயமாக ஆக்கவில்லை.

திக்குவாய் போய்விடவில்லை. அது எங்கே போகும்? ஆனால் கடை போனை என் மனைவி எடுப்பது நின்றது. விவசாயி குழாய் அளவு கேட்டால், கல்லா மேசையைத் தட்டிக்கொண்டே சொல்லுவேன். மாட்டினால் மாட்டட்டும் என்று நின்று சொல்லுவேன். கூடலூரிலிருந்து ஒரு பெரியவர், "ஏன்யா, கடையில மேளம் அடிக்கிறியா?" என்று கேட்டார். இதைச் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது.

போன வருஷம் ஒரு காலையில் உனக்கு மார்வலி வந்தது. மதுரைக்குக் கொண்டுபோன வண்டி ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டவில்லை. வியாபாரிகள் வைத்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். உன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். உன் பெயரின் முதல் எழுத்து எனக்கு வரவே வராத எழுத்து, மாப்ள. அதனால்தான் பழகிய நாளிலிருந்து உன்னை ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேறு சொல்லை வைத்துத் தப்பிக்கலாம், பெயருக்கு மட்டும் வேறு சொல் கிடையாது. பக்கத்திலிருந்தவர் மைக்கை வாங்கக் கை நீட்டினார். "இருங்க, சொல்லுவேன்" என்றேன். அந்த எழுத்தைத் துண்டு துண்டாக உடைத்து, ஊரே கேட்க, முழுசாகச் சொல்லி முடித்தேன்.

உன் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருந்து முடிந்தபின் நானும் என் மனைவியும் உன் வீட்டுக்குப் போனோம். கூட்டத்துக்கு வந்திருந்த அவள் தம்பி அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான். "அவுக பேரைச் சொன்னீகளாமே அண்ணே" என்றாள். டீ கிளாஸை எங்கள் பக்கம் நகர்த்திவிட்டு, "அவுகளுக்குத் தெரியும்ணே. 'எம்பேரு அவனுக்கு வராது. அது ஒண்ணை மட்டும் அவன்கிட்ட நான் கேக்க மாட்டேன்'னு சொல்லுவாக" என்றாள்.

இப்போது தினமும் சொல்லிப் பார்க்கிறேன். சில நாள் வருகிறது. வராத நாளில் மாப்ள என்கிறேன்.